கடல்பாசிப் பேய்

கிளாரா கெட்டவள் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே. மரியநாதபுரத்தில் எங்கள் தெருப் பால்காரரில் தொடங்கி மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வரைக்கும், "தங்கமான பிள்ளைம்மா உன் ஓரகத்தி" என்கிறார்கள். என் கணவரின் தம்பி பிராங்க்ளினைக் கட்டிக்கொண்டு பெங்களூரில் இருந்தவள் அவள். அவனுக்குத் திண்டுக்கல்லிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்ததும், ஜூன் மாதம் வந்து எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியேறினார்கள். நாங்கள் மாடியில் இருக்கிறோம். நடுவில் வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படிக்கட்டு. அதில் என் மகள் ஏறி வருகிற சத்தத்தைவிட இறங்கிப் போகிற சத்தம்தான் எனக்கு அதிகம் கேட்கிறது.

மகள் பெயர் தமிழ்நிலா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். முன்பெல்லாம் பள்ளிக்கூட வேனை விட்டு இறங்கியதும், "அம்மா, இன்னிக்கு என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டு காயும்வரை நிறுத்த மாட்டாள். இப்போது பை மட்டும்தான் மாடிக்கு வருகிறது. கதையெல்லாம் கீழேயே முடிந்துவிடுகிறது. நானாக இழுத்து வைத்துக் கேட்டால், "சித்திகிட்ட சொல்லிட்டேம்மா" என்கிறாள். அவளிடம் சொன்னால் எனக்குச் சொன்ன மாதிரியாம்! எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது. பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது?

அக்டோபர் முப்பத்தொன்று தமிழ்நிலாவின் பிறந்தநாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ராத்திரிச் சாப்பாட்டின்போது அறிவித்தாள்.

"இந்த வருஷம் பேய் பார்ட்டிம்மா. எல்லாரும் பேய் வேஷத்துல வாராங்க."

"ஜெபமாலை மாசம் முடியிற அன்னிக்குப் பேயா? மாதா வீடு வீடா வந்துட்டுப் போற மாசம்டி இது!"

என் கணவர் ஆனந்த்ராஜ் குழம்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "கோயிலுக்குப் போயிட்டு வந்து பேய் வெளையாடட்டும். சின்னப் பிள்ளைகதான."

இவர் எப்போதும் இப்படித்தான். நான் ஒரு கதவைச் சாத்தினால் இவர் இரண்டு சன்னலைத் திறந்துவிடுவார். சரி, கேக்கையாவது பிடித்துக்கொள்வோம் என்று, "அப்பச் சரி, எப்பவும்போல நான் குக்கர்ல கேக்கு போட்டுர்றேன். மேல ஒரு பேய வரைஞ்சுருவோம்" என்றேன்.

"கேக்கு வேணாம்மா. சித்தி கண்ணாடிக் கிளாஸ்ல அடுக்கடுக்கா பேய் புட்டிங் செய்யப் போறாங்க. அடியில சாக்லேட் மண்ணு, நடுவுல ரத்தம், மேல க்ரீம்ல பேயி. நானும் சித்தியும் போன வாரமே முடிவு பண்ணிட்டோம்."

போன வாரமே! பெற்றவளுக்கு இந்த வாரம்தான் தகவல் வருகிறது.

எனக்குப் புட்டிங் பெரிதில்லை. யார் செய்தாலும் பிள்ளைகள் தின்னத்தான் போகிறார்கள். எனக்குப் பயமெல்லாம் முதல் வாயைப் பற்றித்தான். பிறந்தநாளில் மெழுகுவத்தியை ஊதி, கேக்கை வெட்டி, முதல் வாயை யாருக்கு ஊட்டுகிறாள் என்று கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருஷமும் அது எனக்குத்தான் வந்திருக்கிறது. முதல் பிறந்தநாளில் அவளுக்கு என்ன தெரியும்? நானே அவள் கையைப் பிடித்து என் வாயில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் உரிமை. இந்த வருஷம் அந்தக் கை கிளாரா பக்கம் போய்விட்டால், அப்புறம் நான் அந்தப் படிக்கட்டில் எப்படி ஏறி இறங்குவேன்?

படுத்துக்கொண்டு யோசித்தபோது சட்டென்று ஒன்று பிடிபட்டது. கேக்கை வெட்டலாம். கண்ணாடிக் கிளாஸை எப்படி வெட்டுவாள்? வெட்டுவதற்கு ஒன்று வேண்டும் அல்லவா? அதை நான் செய்தால், கத்தி வைப்பது என் பண்டத்தில், ஊட்டுவது என் பண்டத்தை. செய்தவளை விட்டுவிட்டு வேறு யாருக்கு ஊட்டுவாள்? எழுந்து உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஆனால் கேக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே. அடுக்கும் வேண்டும், பேயும் வேண்டும், வெட்டவும் வரவேண்டும். கடல்பாசி! பக்கத்துத் தெருவில் பிளவுஸ் தைக்கும் காதர் பீவி என் கூட்டாளி. நோன்பு மாதம் முழுக்க அவள் வீட்டில் ரோஸ், வெள்ளை, பச்சை என்று கடல்பாசி வில்லை வில்லையாக நடுங்கிக்கொண்டிருக்கும். காய்ச்சி ஊற்றினால் தானாக உறைந்துவிடும், ஓவனெல்லாம் தேவையில்லை. அவளுக்குப் போன் போட்டேன்.

"காய்ச்சுறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல சகாயம். அடுக்குல தான் இருக்கு விஷயம்," என்றாள். "கீழ் அடுக்கு முழுசா ஆறுறதுக்குள்ள அடுத்தத ஊத்திரணும். வெரல வச்சா செத்த ஒட்டணும். ஆறி வழுவழுன்னு ஆயிருச்சுன்னா, மேல ஊத்துறது பாய் மேல பாய் விரிச்ச மாதிரி தனியாத்தான் கெடக்கும். அடுப்படிய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராத."

"நான் எங்க நகரப் போறேன்?" என்றேன்.

அடியில் கருப்பட்டிப் பாகில் கறுப்பு மண். நடுவில் பீட்ரூட் சாற்றில் ரத்தம். மேலே தேங்காய்ப்பாலில் வெள்ளைப் பேய். பேய்க்குக் கண் வேண்டுமே? வெள்ளோடு ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ராயப்பராஜ் என் கணவரின் சிநேகிதர். அவரிடம் சொல்லிப் பன்னீர் திராட்சை வாங்கிவரச் செய்தேன். ஒன்றின் தோலை உரித்துப் பார்த்ததும் எனக்கே மயிர் கூச்செறிந்தது. பளபளவென்று ஈரமாக ஒரு உருண்டை, உள்ளே மங்கலாக விதை. அசல் கண்முழிதான். கிளாரா தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு கண் அவளுக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறந்தநாள் அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. நான் காலையிலேயே திராட்சை உரிக்க உட்கார்ந்ததும் தமிழ்நிலா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஐயய்ய, கண்ணு! நானும் உரிக்கட்டாம்மா?"

"நீ உரிச்சா நசுங்கிரும். போ அங்கிட்டு, அடுப்பு எரியிது. பொறந்தநாளும் அதுவுமா கையக் கிய்யச் சுட்டுக்காத."

"ஒண்ணே ஒண்ணும்மா."

"சொன்னா கேக்கணும்."

போய்விட்டாள். இரும்புப் படிக்கட்டு தடதடவென்று சத்தம் போட்டது. போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே, நான் விரட்டுவதற்காகவே காத்திருந்த மாதிரி!

கடல்பாசியைக் கரைத்து, கருப்பட்டிப் பாகை மண் இல்லாமல் வடிகட்டிச் சேர்த்து, பெரிய எவர்சில்வர் ட்ரேயில் ஊற்றினேன். கறுகறுவென்று என்ன அழகு! பீட்ரூட் சாறு பக்கத்து அடுப்பில் தயாராக இருந்தது. கீழ் அடுக்கு இழுத்துப் பிடிக்கிறவரை சும்மா நிற்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து என் மகளின் சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. என் அடுப்படியில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று? கையில் கிடைத்த சல்லடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"கிளாரா, இந்தச் சல்லட உன்னோடதா?"

"இல்லக்கா, உங்களோடதுதான். ஏன்க்கா?"

"இல்ல, உன்னோடதோன்னு நெனச்சேன்."

கதவருகே நின்றபடி உள்ளே கண்ணை ஓட்டினேன். மேசை மேல் கண்ணாடிக் கிளாஸ்கள் வரிசையாக நின்றன. அடியில் சாக்லேட் பிஸ்கட் தூள், அதன்மேல் சிவப்பு ஜெல்லி. கிளாஸ் விளிம்பில் ஒரு சொட்டுச் சிந்தல் இல்லை. என் மகள் மூக்கில் அந்தத் தூளோடு முக்காலியில் ஏறி நின்றிருந்தாள். "சித்தி என்னையே பிஸ்கட்ட நொறுக்க விட்டாங்கம்மா" என்றாள். "வாய்க்குள்ள நொறுக்கிராத" என்று சொல்லிவிட்டு, உப்பில்லாத நாலு வார்த்தை பேசி நின்றேன். மேலே வந்து பார்த்தால் கறுப்பு அடுக்கு ஆறிப் போயிருந்தது. விரலை வைத்தேன். ஒட்டவில்லை, வழுக்கியது. ஒட்டும், ஒட்டாமல் எங்கே போய்விடும் என்று சிவப்பை அதன்மேல் ஊற்றினேன்.

இந்த முறை நகரக் கூடாது என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே சிரிப்பு நின்றுபோனது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. சத்தமே இல்லாமல் இரண்டு பேரும் அப்படி என்ன செய்கிறார்கள்? கீழ்வீட்டு அடுப்படிச் சன்னலை ஒட்டித்தான் எங்கள் கறிவேப்பிலை மரம் இருக்கிறது. கறிவேப்பிலை பறிக்கப் போனேன். கடல்பாசிக்கு எதற்குக் கறிவேப்பிலை என்று நீங்கள் கேட்கக் கூடாது.

சன்னல் வழியாக இரண்டு முதுகு தெரிந்தது. தமிழ்நிலா கையில் க்ரீம் நிரப்பிய கூம்புப் பை. எதையோ மும்முரமாகப் பிழிந்துகொண்டிருந்தாள். கிளாரா அவளை ஒட்டி நின்று, பிள்ளையின் கைமேல் கை வைத்திருந்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "நீயே பண்ணு" என்று சொல்வது கேட்டது. பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். முடித்ததும் தலையைச் சாய்த்து கிளாராவின் தோளில் இடித்தாள். என் தோளில் அல்லவா அப்படி இடிப்பாள்! கையில் உருவிய கறிவேப்பிலை எல்லாம் கசங்கிப் போனது. எவ்வளவு நேரம் நின்றேனோ, மாடிக்கு வந்தபோது ரத்தமும் உறைந்து சில்லிட்டுக் கிடந்தது.

தேங்காய்ப்பாலை ஊற்றினேன். வேறென்ன செய்வது? அது இறுகும்போது திராட்சைக் கண்களை இரண்டிரண்டாகப் பதித்தேன். ஆறியதும் பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது. வெள்ளை வெளேரென்ற பரப்பில் எங்கே பார்த்தாலும் முழிக்கும் கண்கள். அடுக்குகள் ஒட்டினதா இல்லையா என்பது மாதாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கும் சரியாகத் தெரியாது.

சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை நிறைவுக்குப் போய்விட்டு எல்லோரும் கீழ்வீட்டுக் கூடத்தில் கூடினோம். பிராங்க்ளின் கறுப்புக் காகிதத்தில் வௌவால் வெட்டித் தொங்கவிட்டிருந்தான். பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டும் கண்ணைச் சுற்றி மையைப் பூசிக்கொண்டும் வந்திருந்தார்கள். கிளாராவின் கிளாஸ்களைப் பார்த்து, "சூப்பர் ஆன்ட்டி" என்றார்கள். அப்போது நான் என் ட்ரேயின் மேலிருந்த துணியை எடுத்தேன்.

"ஐயோ, கண்ணு! நெசக் கண்ணா ஆன்ட்டி?" என்று தமிழ்நிலாவின் வகுப்புப் பையன் முகேஷ்குமார் அலறினான். மொத்தக் கூட்டமும் கிளாஸ்களை விட்டுவிட்டு என் பக்கம் ஓடிவந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஓரக்கண்ணால் கிளாராவைப் பார்த்தேன். முகம் சுருங்க வேண்டுமா இல்லையா? அவளோ, "அக்கா, செமையா இருக்கு! மெழுகுவத்திய இதுலயே வைப்போம், வெட்ட வசதியா இருக்கும்" என்றாள். நான் ராத்திரியெல்லாம் யோசித்துப் போட்ட திட்டத்தை இவள் பாட்டுக்கு எடுத்து என் கையில் கொடுக்கிறாள். சண்டை போடாமல் விட்டுக்கொடுக்கிறவளை என்னதான் செய்வது?

பாடினார்கள், ஊதினாள், கத்தியை வைத்து வெட்டினாள். ஒரு வில்லையைக் கத்தியால் தூக்கினாள்.

வெள்ளை அடுக்கு அப்படியே நழுவியது. இரண்டு கண்ணோடும் சறுக்கிக்கொண்டு மேசையில் விழுந்து, நடுங்கியபடி கொஞ்ச தூரம் போனது. சிவப்பு அதன் பின்னாலேயே இறங்கியது. கத்தியில் மிஞ்சியது கறுப்பு மண் மட்டும்தான். ஒரு கண் கழன்று உருண்டு முகேஷ்குமாரின் காலடியில் போய் நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது எனக்கு.

"பாத்தீங்களா?" என்று கிளாராவின் குரல் கேட்டது. "அக்காவோட பேய் எந்திரிச்சு நடக்குது!"

"பேய் ஓடுது! புடிங்கடா!" என்று முகேஷ்குமார் கத்தினான். அவ்வளவுதான், ஆளுக்கொரு தட்டோடு பிள்ளைகள் என் ட்ரேயின் மேல் விழுந்தார்கள். வெட்டுவதும், நழுவ விடுவதும், கூச்சல் போடுவதும், பிடித்து வாயில் போடுவதுமாக ஒரே களேபரம். காப்பாற்றிவிட்டாள். நான் கேட்டேனா, என்னைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா? இவளால் காப்பாற்றப்படுவதற்கு அந்தப் பேயோடு நானும் மேசைக்கடியில் போயிருக்கலாம்.

அப்போதுதான் தமிழ்நிலா முதலில் விழுந்த வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்தாள். மிச்சமிருந்த ஒற்றைக் கண் அதில் முழித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நான், எதிர்ப் பக்கம் கிளாரா. பிள்ளை நேராக என்னிடம் வந்தாள்.

"ஆ காட்டும்மா."

தேங்காய்ப்பால் இனித்தது. கண் பல்லில் பட்டு உடைந்து புளித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மென்றுகொண்டே நிமிர்ந்து கிளாராவைப் பார்த்தேன், எப்படி என்கிற மாதிரி. அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். தோற்றவள் முகம் மாதிரியே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

பிறகு அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தாள். என்னிடம் வந்து, "இது உங்களுக்குன்னே தனியா வச்சதுக்கா" என்றாள். வாங்கிப் பார்த்தேன். மற்ற கிளாஸ்களில் பேய் நிமிர்ந்து நின்றது. என் பேய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கண் நெற்றியில், இன்னொன்று கன்னத்தில். கெட்டுப்போனதைப் பார்த்து எனக்குத் தள்ளியிருக்கிறாள்! "வயிறு சரியில்ல, அப்புறம் சாப்பிடுறேன்" என்று சொல்லி மேலே கொண்டுபோய் அடுப்படித் திண்டில் வைத்துவிட்டேன். செத்தாலும் அதில் ஒரு வாய் தின்பதில்லை என்று முடிவு.

கூட்டம் கலைந்ததும் மாடியில் ட்ரேயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். தமிழ்நிலா கன்னமெல்லாம் மையோடு திண்டில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்ததை இன்னொரு தரம் காதால் கேட்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

"ஏண்டி, மொதல் வாயி அம்மாவுக்குத்தான்னு உனக்கே தோணுச்சுல்ல?"

"இல்லம்மா, குழப்பமா இருந்துச்சு. மத்தியானமே சித்திகிட்ட கேட்டேன், உங்களுக்கா அம்மாவுக்கான்னு."

தேங்காய் நார் என் கையிலேயே நின்றது. "அவ என்ன சொன்னா?"

"‘இதெல்லாமா கேப்பாங்க, அம்மாவுக்குத்தான்’னாங்க."

இதெல்லாமா கேட்பார்கள்! அதே கேள்விதான் எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் பிள்ளையிடம் நான் கேட்க வேண்டியதை அவள் எனக்காகக் கேட்டு வைத்திருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு ட்ரேயைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"நீ ஏம்மா இன்னும் இதச் சாப்பிடல?" என்று பின்னாலிருந்து கேட்டாள். திரும்பினேன். அந்தக் கோணல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கியிருந்தாள். "உனக்குன்னு நான் போட்ட பேயிம்மா இது. சித்தி கையப் புடிக்காம நானே போட்டேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சித்திகிட்ட சத்தியம் வாங்கிருந்தேன்."

சன்னல் வழியாகப் பார்த்த அந்த முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. அவள் மூச்சை அடக்கிக் குனிந்து பிழிந்துகொண்டிருந்தது இதைத்தான். நான் மரத்தடியில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன், என் பண்டம் மேலே ஆறிக்கொண்டிருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். பிள்ளை ஸ்பூனை நீட்டினாள்.

"நல்லாருக்கா?"

"இதுல நீ செஞ்சது எது, அவ செஞ்சது எது?"

"பேயி மட்டும் நானு. மண்ணும் ரத்தமும் அடுக்குனது சித்தி."

நெற்றிக் கண், கன்னத்துக் கண் இரண்டையும் சேர்த்துப் பேயை மட்டும் வழித்துத் தின்றேன். "அம்புட்டு ருசிடி தங்கம்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மை படிந்த அவள் தலை என் தோளில் வந்து இடித்தது. மிச்சத்தைத் தொடாமல் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

அவள் முகம் கழுவப் போனதும் மறுபடி எடுத்தேன். ரத்தத்தில் ஒரு ஸ்பூன் போட்டேன், அப்புறம் மண்ணில். கிளாஸின் அடிவரைக்கும் ஸ்பூனை விட்டுச் சுரண்டினேன். ஒன்றோடொன்று கச்சிதமாக ஒட்டி வந்தது.

சண்டாளி, நன்றாகத்தான் செய்திருக்கிறாள்.